ஸ்டூலுக்கு மேலே நான்கு விரல்

1979ஆம் ஆண்டு ஆடி மாதத்து இரண்டாவது திங்கட்கிழமை, காலை ஷிப்டுக்கு மணி அடித்த பிறகு, பென்னலூர் திருகாணிக் கம்பெனியில் அம்சவல்லி உட்கார்ந்தபோது ஸ்டூலுக்கும் அவளுக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி இருந்தது. முழங்கால் மடங்கியிருந்தது, முதுகு நேராக இருந்தது, கை எப்போதும்போல மரை கெட்ட திருகாணிகளைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. உடம்பு மட்டும் கீழே வந்து சேரவில்லை. பக்கத்து ஸ்டூல் சரோஜா குனிந்து பார்த்துவிட்டு, "யக்கா, நீ இன்னும் ஒக்காரவே இல்ல," என்றாள். "ஒக்காந்துகினுதான் கீறேன், வேலையப் பாரு," என்றாள் அம்சவல்லி. அன்று அவள் தேர்ந்தெடுத்த மூன்று பெட்டித் திருகாணிகளில் ஒன்றுகூடப் பழுது இல்லை என்று சூப்பர்வைசர் தாவீது எழுதிவைத்திருக்கிறார்.

காரணம் அவளுக்குத் தெரியும். ஆறு வருஷத்துக்கு முன்னால், மாதவிலக்கு நின்ற வருஷத்தில், கீழே நமைச்சல் தொடங்கியது. முதலில் விட்டுவிட்டு வந்தது, பிறகு விடாமல் இருந்தது. தோல் வெங்காயச் சருகுபோல மெலிந்து, சிறுநீர் பட்டால் எரிந்து, உட்கார்ந்தால் மிளகாய்த்தூள் மீது உட்கார்ந்ததுபோல் ஆனது. உடம்புச் சூடு என்று அவளே முடிவு செய்தாள். வாரம் இரண்டு எண்ணெய்க் குளியல், தினம் மூன்று வேளை சிவப்பு சோப்பு, மஞ்சள், உப்புப் போட்ட வெந்நீர். ஒவ்வொன்றுக்கும் எரிச்சல் கூடியது. போதுமான அளவு தேய்க்கவில்லை என்று எடுத்துக்கொண்டு இன்னும் அழுத்தித் தேய்த்தாள். ஒரே ஒருமுறை குனிந்து பார்த்தாள். வெளுத்திருந்தது. அதற்குப் பிறகு பார்க்கவில்லை. குஷ்டம் என்கிற பெரிய வியாதியாக இருந்தால் ஊரில் இருக்க முடியாது. ஆண்கள் வெளியே போய் வாங்கி வரும் வியாதியாக இருந்தால் வீட்டில் இருக்க முடியாது. ஆகவே பாயை எடுத்துக்கொண்டு நெல் பத்தாயத்துக்கு அந்தப் பக்கம் படுக்கப் போனாள். கணவன் கோதண்டம், சம்பளம் வாங்குவதால் பெண்சாதிக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று ஏரிக்கரையில் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் மிதக்கத் தொடங்கிய பிறகு அவனுக்கே குழப்பம் வந்தது. "கனம் ஏறினா ஆளு கீழ எறங்கணும். இவ மேல போறாளே, அது எப்டிய்யா?" என்று கேட்டான்.

ஊர் சீக்கிரம் பழகிக்கொண்டது. ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் கண்டக்டர் கோபால், இருக்கையைத் தொடாதவருக்கு டிக்கெட் உண்டா என்று ஒரு நாள் முழுக்க யோசித்து, உண்டு என்று கிழித்துக் கொடுத்தான். ஆனால் அவளுக்கும் இருக்கைக்கும் நடுவில் இருக்கும் இடம் அரசுக்குச் சொந்தம் என்று கூறி, மற்றவர்களுடைய சாப்பாட்டுத் தட்டுகளையும் மடித்த கோணிகளையும் அதில் செருகினான். இரண்டு வெள்ளிக்கிழமை சில பெண்கள் எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றார்கள். "நான் அம்மனும் இல்ல ஒண்ணும் இல்ல. அம்மனுக்கு ஏது ஷிப்டு?" என்று அவள் அனுப்பிவைத்தாள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது அவர்களுக்கு.

தொல்லை வந்தது ஓய்வு நேரத்தால். கம்பெனி விதிப்படி நின்று வேலை செய்பவர்களுக்குக் காலையில் பத்து நிமிஷம், மாலையில் பத்து நிமிஷம் ஓய்வு உண்டு. உட்கார்ந்து செய்பவர்களுக்குக் கிடையாது. அம்சவல்லி ஸ்டூலைத் தொடாததால் அவள் நிற்கிறாள், ஆகவே இருபது நிமிஷம் கொடு என்று யூனியன் செயலாளர் தசரதன் மனுப் போட்டான். முழங்கால் மடங்கினால் அது உட்காருவதுதான் என்றார் தாவீது. "அப்ப கொக்கு ஒத்தக் கால மடக்கினா பாதி ஒக்காந்துகீதா சார்?" என்றான் தசரதன். புரட்டாசி வரை இது நடந்தது. பிறகு தொழிலாளர் அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து, வருகைப் பதிவேட்டை அவளுக்கும் ஸ்டூலுக்கும் நடுவில் செலுத்திப் பார்த்தார். இரண்டு பக்கமும் படாமல் போய் வந்தது. பதிவேட்டில் நிற்பவர், உட்கார்பவர் என்று இரண்டு பத்திகள்தான் இருக்கின்றன, இரண்டிலும் சேராத ஆளை வேலையில் வைத்திருக்க வழியில்லை என்றார். ஐப்பசி இருபதாம் தேதி விசாரணை. தொடாமல் இருப்பதற்கான காரணத்தை அவள் அன்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள்.

ஏரியில் இரண்டு வருஷமாகத் தண்ணீர் நிற்கவில்லை. கோதண்டத்தின் நிலம் கரம்பாகக் கிடந்தது. வீட்டில் அடுப்பு எரிவது திருகாணியால்தான். அந்தக் காரணத்தைப் பதினோரு ஆண்கள் உட்கார்ந்திருக்கும் அறையில் சொல்வதா, அடுப்பை அணைப்பதா என்று அம்சவல்லி ஒன்பது நாள் யோசித்தாள். பத்தாம் நாள் வியாழக்கிழமை. வியாழன்தோறும் ஸ்டோர் பக்கத்து அறைக்கு வரும் டாக்டர் கங்காவிடம் போனாள். சொல்லாமல் சொல்கிற மாதிரி ஒரு காகிதம் கிடைக்குமா என்று கேட்கத்தான் போனாள்.

அவள் நாற்காலிக்கு மேலே உட்கார்ந்ததை டாக்டர் பார்த்தார். நேருக்கு நேர் பேச வசதியாகத் தன் நாற்காலியில் தடித்த புத்தகம் ஒன்றைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். பிறகு கட்டிலில் படுக்கச் சொல்லி விளக்கை வைத்துப் பார்த்தார். பார்த்து முடித்து ஒரு கைக்கண்ணாடியைக் கொடுத்தார். "நீங்களும் பாருங்கம்மா. உங்க உடம்புதானே."

ஐம்பத்திரண்டு வயதில் அம்சவல்லி அந்த இடத்தை முதல்முறையாக முழுசாகப் பார்த்தாள். ஒரு ஆளை வீட்டுக்குள் ஆறு வருஷம் பூட்டிவைத்துவிட்டு இன்று கதவைத் திறந்து பார்த்ததுபோல் இருந்தது. பயந்த அளவுக்குப் பெரிய விஷயமாகவும் இல்லை.

"பெரிய வியாதியா டாக்டரம்மா?"

"இல்ல. உடம்பக் காவல் காக்கிற சக்தி, தப்பா புரிஞ்சுகிட்டு சொந்தத் தோலையே அடிக்குது. ஏன்னு எங்களுக்கே முழுசா தெரியாது. யார்கிட்ட இருந்தும் வரல, யாருக்கும் ஒட்டாது. நீங்க செஞ்ச தப்பும் இல்ல, உங்க வீட்டுக்காரர் செஞ்ச தப்பும் இல்ல."

அம்சவல்லி கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தாள். "அப்ப நான் பத்தாயத்துக்கு அந்தாண்ட படுத்ததெல்லாம் தண்டமா?" என்றாள்.

டாக்டர் ஸ்டீராய்டு களிம்பு ஒன்று கொடுத்தார். வெளுத்த இடத்தில் மட்டும், பட்டாணி அளவு, மெல்லியதாக. ஒரு மாதம் தினமும் படுக்கப்போகும் முன், அடுத்த மாதம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு வாரம் இரண்டு நாள். சோப்பு, மஞ்சள், உப்பு எதுவும் கூடாது, வெறும் தண்ணீர் போதும். நூல் துணிதான் கட்ட வேண்டும். சுருங்கிப்போன தோல் பழையபடி விரியாது. எரிச்சலும் நமைச்சலும் அடங்கும், மேற்கொண்டு சுருங்காது. புதிதாகப் புண்ணோ தடிப்போ வந்தால் காத்திருக்கக் கூடாது, ஒன்றும் இல்லாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். "எப்ப முழுசா போவும்?" என்று கேட்டாள். "போகாது. ஆனா உங்க சொல்பேச்சு கேக்கும்," என்றார் டாக்டர். காகிதத்தில் 'தோல் வியாதி, தொற்றாது, உட்கார்ந்தால் வலிக்கும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஐப்பசி இருபதாம் தேதி அதிகாரி அந்தக் காகிதத்தை இரண்டு முறை படித்தார். "தோல் வியாதின்னா எங்கம்மா? கையிலயா, கால்லயா?" என்று கேட்டார். கேட்க வேண்டியதில்லை, ஆனால் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது. பதினோரு பேரும் அவளைப் பார்த்தார்கள். பார்வை பட்டதில் அவள் இன்னும் இரண்டு விரல் மேலே போனாள். தசரதன் எழுந்து, "சார், அது வந்து..." என்று ஆரம்பித்தான். அவனுக்கும் தெரியாது. தெரியாததைச் சொல்லப் போகிறானே என்ற பயத்தில் அம்சவல்லிக்கு வாய் திறந்தது.

"ஒக்கார்ற எடத்துல சார். முன்னாடி. பொம்பளைங்களுக்கு இருக்குதே, அங்க. ஒக்காந்தா எரியுது, அதான் ஒக்காரல. மருந்து போட்டுக்கினு கீறேன்."

அதிகாரி மின்விசிறியைப் பார்த்தார். கரண்ட் இல்லாததால் அது சுற்றவில்லை, இருந்தும் வெகுநேரம் பார்த்தார். தசரதனின் பென்சில் கீழே விழுந்தது. அவன் அதை எடுக்க மேஜைக்கு அடியில் போய் விசாரணை முடியும்வரை வரவில்லை. தாவீதுதான் தொண்டையைச் செருமி, "எழுதிக்கலாம் சார்," என்றார். அன்று பதிவேட்டில் கோடு போட்டு மூன்றாவதாக ஒரு பத்தி உண்டாக்கினார்கள். 'தொடாமல் உட்கார்பவர்' என்று தலைப்பு. ஓய்வு இருபது நிமிஷம்.

வேலை நிலைத்தது. மறுநாள் அவள் லைனுக்கு வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் சரோஜா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவளை இழுத்துப் போனாள். "யக்கா, நானும் அரை விரல் மேலதான் கீறேன். நாலு வருஷமா. பொடவைய இழுத்து வுட்டுக்கினா தெரியாது." அந்த வாரத்துக்குள் நாற்பது பெண்களில் இன்னும் ஏழு பேர் மிதந்துகொண்டிருப்பது தெரியவந்தது. எல்லோரும் வியாழக்கிழமை டாக்டரிடம் போனார்கள். சரோஜாவுக்கு மூலம். ஒருத்திக்கு அம்சவல்லியுடைய அதே வியாதி. மற்றவர்களுக்கு வேறு வேறு, எல்லாவற்றுக்கும் மருந்து இருந்தது. தாவீது மூன்றாவது பத்தியில் ஏழு பெயரையும் எழுதினார், ஏன் என்று ஒருவரையும் கேட்கவில்லை.

கோதண்டத்திடம் அவள் விசாரணை நடந்த அன்று சாயங்காலமே சொன்னாள். "ஒட்டாதாம். ஒன்கிட்டயிருந்தும் வரலியாம்." அவன் ரொம்ப நேரம் மாட்டுக்கு வைக்கோல் போட்டான், போட்டதையே திரும்ப எடுத்துப் போட்டான். பிறகு தன் பாயைச் சுருட்டிக்கொண்டு பத்தாயத்தைத் தாண்டி அவள் படுக்கிற பக்கம் வந்தான். "நீ இன்னாத்துக்கு வர்ற?" என்றாள். "சும்மாதான். அங்க எலி கீது," என்றான்.

கார்த்திகையில் அவள் மூன்று விரலுக்கு இறங்கினாள், தையில் ஒரு விரலுக்கு. மாசி மாதம் ஒரு காலை ஸ்டூலைத் தொட்டாள். மரம் சில்லென்று இருந்தது. கண்டக்டர் கோபால் சாப்பாட்டுத் தட்டுகளுக்கு வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

ஏரி நிரம்பியது, வற்றியது, மறுபடி நிரம்பியது. கம்பெனிக்கு இரண்டாவது கொட்டகை கட்டினார்கள், புதிய பதிவேடுகளை மூன்று பத்திகளோடுதான் அச்சடித்தார்கள். அம்சவல்லிக்குச் செவ்வாயும் வெள்ளியும் மருந்து நாள். தவறவிட்ட வாரத்தில் அவள் ஒரு தாள் கனத்துக்கு மேலே போய்விடுவாள். அவளுக்கே தெரியாது, கோதண்டத்துக்குத்தான் தெரியும். தினசரிக் காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்து, வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருப்பவளுக்கு அடியில் ஓரமாக நுழைத்துப் பார்ப்பான். தாள் நிற்க வேண்டும். 1986ஆம் ஆண்டு ஆவணியில் ஒரு நாள் அது அந்தப் பக்கம் வந்துவிட்டது.

"தாளு போவுது. மருந்து போட்டியா?"

"இன்னிக்கி இன்னா கெழம?"

அவன் காலண்டரை எட்டிப் பார்த்து, "செவ்வா," என்றான்.

அவள் முறத்தை அவனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அவன் அரிசியில் கல் பொறுக்கினான்.