கடற்காற்றுப் பாடம்

"எந்த எடத்துல கை நின்னுச்சு, சொல்லு?"

கிருபாபாய் டீச்சர் தன் தங்கை பிளாரன்ஸிடம் சனிக்கிழமைதோறும் கேட்ட கேள்வி இது. கேட்டவள் இப்போது கூடத்தில் சவப்பெட்டிக்குள் கிடந்தாள். யுத்த நாளில் நல்ல பலகை அகப்படாமல், துறைமுகத்திலிருந்து வந்த தேயிலைப் பெட்டிகளைப் பிரித்துச் செய்த பெட்டி அது. அதன் மேல் போட பிளாரன்ஸ் அடுக்களையில் அரளிப்பூ கட்டிக்கொண்டிருந்தாள்.

இதே அடுக்களையில்தான் அக்காவும் அவளோடு அதே பள்ளியில் வேலை பார்க்கும் இசபெல்லா டீச்சரும் அடுத்த வாரத்துப் பாடங்களைச் சேர்ந்து தயாரிப்பார்கள். ஒருத்தி நடத்துவாள், மற்றவள் குறுக்கே கேள்வி போடுவாள். பிளாரன்ஸ்தான் வகுப்பு. சமையலுக்கு உள்ளி உரித்துக்கொண்டே கேட்பாள். புரியவில்லை என்று சொல்ல வாய் வராது. அப்படி வாய் வராமல்தான் நாலாம் வகுப்போடு நின்றவள். ஆனால் புரியாத இடத்தில் கை தானாக நின்றுவிடும். அக்கா அதைப் பிடித்துவிடுவாள். கை நின்ற பாடத்தைத் திருத்தாமல் பள்ளிக்குக் கொண்டுபோனதில்லை.

போன சனிக்கிழமை, ஐந்தாம் வகுப்பின் கடற்காற்றுப் பாடத்தில் கை நின்றது. "வழி கண்டுபிடிக்கேன்" என்றாள் அக்கா. மறுநாள் காய்ச்சலில் படுத்தவள் எழவேயில்லை.

இசபெல்லா புறவாசல் வழியாக வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"நாளைக்கு இன்ஸ்பெக்டரம்மா வாராங்க ஏளா. தேதிய மாத்த முடியாதாம். பிள்ளைங்கள புஸ்தகத்த ஒப்பிக்க விட்டுருதேன். அவ இல்லாம இந்தக் கடக்காத்துப் பாடம் எனக்கு ஓடாது."

போன வருஷமும் பிள்ளைகள் ஒப்பிக்கத்தான் செய்தார்கள். இன்னொரு தடவை அப்படி என்றால் ஐந்தாம் வகுப்பே வேண்டாம் என்று இன்ஸ்பெக்டரம்மா எழுதிவிட்டுப் போயிருந்தாள். வகுப்பு போனால் அத்தனை பெண்களும் பிளாரன்ஸைப் போல உள்ளி உரிக்க உட்கார வேண்டியதுதான்.

"நடத்துங்க டீச்சர்."

"இங்கனயா? இப்பவா?"

"நான் பூக் கட்டுதேன். நீங்க நடத்துங்க."

மூலையில் பாடத்துக்காக அக்கா வைத்த சுளகு முறம் அப்படியே இருந்தது, நிறைய மணலோடு. கரைக்கு அது; கடலுக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் தண்ணீர். இசபெல்லா தாழ்ந்த குரலில் தொடங்கினாள். பகலில் மணல் சீக்கிரம் சுடும். அதன் மேலிருக்கிற காற்றும் சூடாகி மேலே போகும். அதனால் கடலிலிருந்து காற்று வீசும்.

பிளாரன்ஸின் கை நின்றது. இசபெல்லா கவனிக்காமல் மேலே போய்க்கொண்டிருந்தாள். கவனிக்கிறவள் எப்போதும் அக்காதான்.

"புரியல" என்றாள் பிளாரன்ஸ். அந்தக் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "சூட்டுக் காத்து மேல போவுது, சரி. அதுக்கு கடல்ல கெடக்குற காத்து ஏன் ஓடி வரணும்?"

"அதத்தான எனக்குச் சொல்லத் தெரியல!" இசபெல்லா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிளாரன்ஸ் கூடத்தைப் பார்த்தாள். பெட்டியைச் சுற்றிப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். தலைமாட்டிலிருந்த முத்துக்கனி அத்தை புழுக்கம் தாங்காமல் எழுந்தாள். அவள் நிமிர்வதற்குள் அருகிலிருந்தவள் அந்த இடத்துக்கு நகர்ந்தாள். அவள் இடத்துக்கு இன்னொருத்தி. வாசல் நிழலில் நின்றவளும் உள்ளே வந்து அமர்ந்துவிட்டாள்.

"டீச்சர், அங்க பாருங்க. வாசல்ல நின்னவள யாரு கூப்பிட்டா?"

இசபெல்லா எட்டிப் பார்த்தாள்.

"யாரும் கூப்பிடல" என்றாள் மெல்ல. "எடம் காலியாச்சு."

மூக்கைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினாள், இந்தத் தடவை வகுப்புக் குரலில். நாளைக்குப் பிள்ளைகளைப் பாயில் நெருக்கி உட்கார வைப்பாள். பாதிப் பேர் கரை, பாதிப் பேர் கடல். கரைக்காரிகளை எழுப்புவாள்; கடல்காரிகள் தாமாகவே அந்த இடத்துக்கு நகர்வார்கள். அக்கா போடுகிற குறுக்குக் கேள்விகளையும் தானே போட்டாள்.

"சாவு வீட்டுல பாடம் நடத்துதாவளாம்! நல்லாருக்குளா கூத்து!" அத்தை அடுக்களை வாசலில் வந்து நின்றாள். "பூவக் கொண்டா, பெட்டிய மூடப்போறாவ."

"பாடம் முடியட்டும் அத்தை" என்றாள் பிளாரன்ஸ், தலை நிமிராமல்.



இசபெல்லா இப்போது பிளாரன்ஸின் முகத்தைப் பார்க்கவில்லை. கையையே பார்த்து நடத்தினாள். சரம் நீண்டுகொண்டே வந்தது. பாடம் முடிந்தபோதும் பிளாரன்ஸ் அடுத்த பூவை எடுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

இசபெல்லா எழுந்தாள். சுளகு மணலை உள்ளங்கையால் சமன் செய்து, நாளைய பாடத்துக்கென்று இடுப்பில் அணைத்துக்கொண்டு, புறவாசல் வழியே பள்ளிக்கூடத்துப் பக்கம் இறங்கிப் போனாள்.