திறப்பு விழாப் பொத்தான்

எந்த இயந்திரமும் தானாக ஓடிவிடுவதில்லை. அதற்குப் பின்னால் ஒரு மாமனிதனின் விரல் இருக்கிறது. அட்டைப்பெட்டி ஆலையின் மேலாளர் இதை மனப்பூர்வமாக நம்பினார். அவருடைய விரல் அதுவரை பெரும்பாலும் காது குடையவே பயன்பட்டு வந்தது.

அடுத்த மாதம் அவருக்கு ஓய்வு. புது இயந்திரத்தை முதலாளி முன்னால் ஓடவிட்டுக் காட்டினால் இன்னும் கொஞ்ச காலம் நாற்காலியை விட்டு எழ வேண்டியிருக்காது என்று நப்பாசை.

"ஒரே அமுக்குல ஓடாது சார்," என்றாள் அதை இயக்கப் போகிறவள். "பசை சூடாகணும், காத்து ஏறணும். அப்புறம்தான் பெல்ட்டு சுவிட்சைப் போடணும்."

"பசை சூடாகறதைப் பாக்கவா முதலாளி வர்றாரு? நான் அமுக்கணும், அது ஓடணும். அவ்வளவுதான்."

ஆகவே பசையையும் காற்றையும் முன்கூட்டியே தயார் செய்துவிட்டு, மேடையில் பட்டுத்துணி போர்த்திய ஒரு பெட்டியை வைத்தார்கள். அதன் மேல் பித்தளை வளையம் போட்ட பொத்தான். எதனோடும் இணைப்பு கிடையாது. அக்கா புருஷன் தயவில் சூப்பர்வைசரான மச்சினன்தான் அதை எங்கிருந்தோ கொண்டுவந்தான். எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று மேலாளருக்குத் தோன்றியது, பளபளப்பில் மறந்துவிட்டார். நிஜ சுவிட்சு திரைக்குப் பின்னால், மச்சினன் கையில்.

"எப்போ போடறது அத்தான்? இங்கேருந்து ஒண்ணும் தெரியலையே."

"நான் அமுக்கினதும் கை தட்டுவாங்க. காது இருக்குல்ல? கேட்டதும் போடு."

"தட்டலைன்னா?"

"தட்டாம எங்கடா போவாங்க? சம்பளம் வேணாமா?"

முதலாளி மைக்கைப் பிடித்தார். "இவரு விரல் அசைஞ்சாத்தான் இந்த ஆலையே அசையும்!"

எல்லோரும் கை தட்டினார்கள். இயந்திரம் உறுமிக்கொண்டு கிளம்பியது. முதல் பெட்டி மடங்கி வந்து விழுந்தது. மேலாளர் அப்போது இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் கட்டிக்கொண்டு, புகழைத் தாங்கமாட்டாதவராகத் தலைகுனிந்து நின்றிருந்தார்.

பாய்ந்து போய் அமுக்கினார். முதலாளியும் வந்து அமுக்கிப் பார்த்தார். இன்னொரு தடவை அமுக்கினார். இயந்திரம் இரண்டு பேரையும் சட்டை செய்யவில்லை.

"இது எதுக்கு?"

"ஒரு... பாதுகாப்புக்கு சார்."

"நல்லது," என்றார் முதலாளி, முகமெல்லாம் மலர்ந்து. "நீங்க இல்லாமலே ஜோரா ஓடுது. இனிமே நிம்மதியா வீட்ல இருங்க."

மாலையில், முதலாளி கொடுத்த பூங்கொத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டு வாசலில் நின்று, வழக்கம்போல விரலை நீட்டினார். அழைப்புமணிப் பொத்தான் இருந்த இடத்தில் இரண்டு ஒயர்கள் துருத்திக்கொண்டிருந்தன. உள்ளே டிவி அலறியது. அவர் கதவைத் தட்டினார். யாருக்கும் கேட்கவில்லை.