கொம்பலர்கள் முசுக்கியது எதை?

கெசையா எல்லாப் பரீட்சையிலும் முழு மார்க் வாங்குகிறவள். அவள் அம்மா லியோனா கிரேபிலுக்கு அதில் பெருமை உண்டு. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல், அமெரிக்காவில் லங்காஸ்டர் பக்கத்துப் பண்ணைவீட்டுச் சமையலறை மேஜையில் வைத்தே மகளுக்குப் பாடம் சொல்லித்தருகிற தாய்க்கு, வருடாவருடம் மதிப்பீட்டுக்கு வருகிறவர்களிடம் காட்ட வேறென்ன வேண்டும்? வாசித்துவிட்டுக் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிற தாள், சரித்திரப் பாடத் தாள், எல்லாம் வரிசையாகக் கோப்பில் இருந்தன.

அந்தப் பெருமை ஒரு டிசம்பர் மாத ராத்திரிச் சாப்பாட்டில் ஆட்டம் கண்டது. ஜெபம் முடிந்து ரொட்டியில் ஆப்பிள் வெண்ணெய் தடவிக்கொண்டே அப்பா டெரில் கேட்டார்.

"ஏம்மா, இங்கிலாந்துலருந்து ஹாலந்துக்கு ஓடிப்போனாங்களே, அந்தச் சபை ஜனங்க, அங்க நிம்மதியா ஜெபம் பண்ண விட்டாங்கல்ல? அப்புறம் எதுக்குக் கப்பலேறி இந்தப் பக்கம் வந்தாங்க?"

கெசையா முழித்தாள். "அது... 1620ல வந்தாங்கப்பா."

"எப்ப வந்தாங்கன்னா கேட்டேன்?"

காலையில்தான் அந்தப் பாடத்தில் முழு மார்க் வாங்கியிருந்தாள். லியோனாவுக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை. மறுநாள் ஒரு தாளில் தானே நாலு வரி எழுதி மகளிடம் நீட்டினாள்.

'கொம்பலர்கள் தீவறத்தை முசுக்கினார்கள். முசுக்கிய பின் அவர்களுக்கு லப்பு வந்தது. ஆகவே நெரிப்பர்களிடம் போய் டுமிந்தார்கள்.'

கீழே கேள்விகள். கொம்பலர்கள் எதை முசுக்கினார்கள்? பின் அவர்களுக்கு என்ன வந்தது? யாரிடம் போய் டுமிந்தார்கள்?

கெசையா பென்சிலைக் கடித்தபடி மடமடவென்று எழுதி நீட்டினாள். தீவறத்தை. லப்பு. நெரிப்பர்களிடம். எல்லாம் சரி.

"கெசையா, லப்புன்னா என்னடி?"

"தெரியலையே. ஆனா பதில் சரிதானே?"

அத்தனையும் தானே இட்டுக்கட்டிய அர்த்தமில்லாத வார்த்தைகள்; லியோனாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை வருடமாக மகள் வாசிக்கவில்லை. கேள்வியில் இருக்கும் வார்த்தையைப் பாடத்தில் தேடி, பக்கத்து வார்த்தையைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அப்படிப் பழக்கியது தான்தான் என்பது லியோனாவுக்குச் சுருக்கென்றது.

அன்றோடு அச்சடித்த கேள்வித்தாள்களை நிறுத்தினாள். இனிமேல் ஒரு தடவை வாசிக்க வேண்டும், புத்தகத்தை மூட வேண்டும், சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். முதல் சில வாரம் வீடு வீடாக இல்லை. "முன்னாடி நான் கெட்டிக்காரியா இருந்தேன், நீங்கதான் என்னை மக்காக்கிட்டீங்க!" என்று கெசையா கதவை அறைந்து சாத்தினாள். டெரிலின் அக்கா ஜனெல், ஊர்ப் பள்ளியில் டீச்சர், விஷயம் கேள்விப்பட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"மார்க் வாங்கிட்டிருந்த பிள்ளையையும் கெடுத்தாச்சு! ஜூன்ல மதிப்பீட்டுக்கு வர்றவங்ககிட்ட எதைக் காட்டப் போற? காத்தையா?"

பயம் லியோனாவுக்கும் இருந்தது.

பனி உருகிச் சேறாகக் கிடந்த ஒரு காலையில், மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மாவின் எதிரே கெசையா மூடிய புத்தகத்தின்மேல் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

"ஹாலந்துல அவங்களை யாரும் அடிக்கல. ஆனா வேலை இடுப்ப ஒடிச்சுது. பிள்ளைங்களும் சேர்ந்து உழைச்சுக் கூன் விழுந்துட்டாங்க. கொஞ்சம் பேர் ஊர்ப் பசங்களோட சேர்ந்து டச்சுக்காரங்களாவே மாறிட்டு வந்தாங்க. அப்பா அம்மாவுக்கு அதான் பயம்." சற்று நிறுத்தினாள். "அம்மா, நீங்க என்னை ஸ்கூலுக்கு அனுப்பாததும் அந்தப் பயத்துலதானா?"

லியோனாவின் கை மாவிலேயே நின்றுவிட்டது. "கொஞ்சம் அதுவும்தான்," என்றாள். பொய் சொல்ல மனம் வரவில்லை. அன்று அந்த ஒரு கேள்வியிலேயே மத்தியானம்வரை பேசினார்கள். அடுப்பில் வைத்த ரொட்டி கருகியது.

ஜூன் வந்தது. மதிப்பீட்டாளர் திருமதி ஓவர்ஹோல்ட் கண்டிப்பானவர் என்று சபையில் பேர். அதே நேரம் பார்த்து ஸ்ட்ராபெர்ரிக் கூடையோடு ஜனெலும் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

ஓவர்ஹோல்ட் கோப்பைப் புரட்டினார். "டிசம்பர் வரைக்கும் எல்லாத்துலயும் முழு மார்க். அப்புறம் ஒரு தாளையும் காணோமே, என்னாச்சு?"

லியோனா மறைக்கவில்லை. கொம்பலர் தாளையே எடுத்து நீட்டினாள். ஓவர்ஹோல்ட் படித்தார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பையிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்துக் கெசையாவிடம் தந்தார். அணை உடைந்து வெள்ளம் ஊரை அடித்துப்போனதைப் பற்றி ஒரு மில் முதலாளி எழுதியது.

கெசையா ஒரு தடவை வாசித்தாள். தாளைக் கவிழ்த்து வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி யோசித்தாள். ஜனெல் லியோனாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். உதவி செய்ய லியோனாவின் நாக்கு துடித்தது, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பிறகு கெசையா ஆரம்பித்தாள். மழை, ஆறு, ராத்திரி மணியடித்தது, மாடியைப் பிடித்துத் தொங்கிய குடும்பம், ஒன்றையும் விடாமல் சொல்லி முடித்தாள்.

"நல்லாச் சொன்ன. அவருகிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்றார் ஓவர்ஹோல்ட்.

"கேக்கணும். மழை மழைன்னு திரும்பத் திரும்பச் சொல்றாரு. அணையைக் கட்டினது யாருன்னு ஒரு இடத்துலகூடச் சொல்லல. அவரே கட்டினதா இருக்குமோ? எனக்குக் கீழ்க்கரையில குடியிருந்தவங்க எழுதினதையும் படிக்கணும். அதுக்கப்புறம்தான் என்ன நடந்துச்சுன்னு சொல்வேன்."

ஓவர்ஹோல்ட் கண்ணாடியைக் கழற்றினார். "இதே பக்கத்தை எத்தனையோ பிள்ளைங்களுக்குக் குடுத்திருக்கேன். மழையால உடைஞ்சுதுன்னு எழுதி சந்தோஷமாத் திருப்பித் தருவாங்க. அணை அவரோடதுதான், கண்ணு. கீழ்க்கரை ஆளுங்க சொன்னதும் எங்கிட்ட இருக்கு, தர்றேன்." லியோனாவிடம் திரும்பினார். "இந்தப் பிள்ளை வாசிக்குது. சரித்திரமும் படிக்குது. நான் கையெழுத்துப் போடுறேன். முழு மார்க் கோப்பை மட்டும் பாத்திருந்தா இவ்வளவு நிம்மதியாப் போட்டிருக்க மாட்டேன்."

லியோனா மகளை இழுத்து நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். "மூச்சு முட்டுதும்மா!" என்றாள் கெசையா.

காரில் ஏறுமுன் ஜனெல் வாசலில் நின்று தயங்கினாள்.

"லியோனா, நீ எழுதின அந்த லப்பு கிப்புத் தாளு... எனக்கு ஒண்ணு குடேன். செப்டம்பர்ல என் வகுப்புப் பசங்களுக்குக் குடுத்துப் பாக்கணும்."

"அதுக்கென்ன, புதுசாவே எழுதித் தர்றேன்," என்றாள் லியோனா. குரல் தானாகவே உயர்ந்து, கொட்டிலில் இருந்த டெரிலுக்கும் கேட்டது.