எஃகில் ஒரு கீறல்

பந்தயத்திற்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. தக்னியாவின் லூஜ் சறுக்குவண்டி பட்டறை மேசையில் தலைகீழாகக் கிடந்தது. பனியில் வழுக்கும் அதன் இடப்பக்க எஃகுப் பட்டையில், நகத்தை ஓட்டினால் தடுக்கிற அளவுக்கு ஒரு கீறல்.

சிகுல்டா பனித்தடத்தின் அடியிலிருந்து வண்டிகளை லாரியில் மேலே ஏற்றி வரும் இமண்ட்ஸ், குனிந்து உப்புத்தாளை இழுத்துக்கொண்டிருந்தார். முன்னிருந்து பின்னாக, ஒரே திசையில்.

"கண்ணை எங்கண்ணே வச்சிருந்தீங்க? முட்டைக்கோஸ் மூட்டைன்னு நெனச்சீங்களா?" என்றாள் தக்னியா.

"பட்டையோட உறை கழண்டு லாரித் தளத்துல உரசியிருக்கும்மா. நான் பாக்கல. என் தப்புதான்."

எதிரே நின்ற விஸ்மா ஈரத்துணியால் எஃகுத் தூளைத் துடைத்தாள். அவர் தப்பில்லை என்று அவளுக்குத் தெரியும். லாரியிலிருந்து அந்த வண்டியை இறக்கியவள் அவள்தான். வழுக்காமலிருக்கப் பட்டறை வாசலில் கொட்டிய மணலில், உறையில்லாமல் வைத்ததும் அவள்தான். பிறகு உறையை மாட்டி உள்ளே கொண்டுவந்துவிட்டாள்.

தேசிய அணியில் ஒரே ஓர் இடம். தக்னியா, விஸ்மா இருவரில் இன்று வேகமாக இறங்குகிறவளுக்கு.

"நீ போடி. பனியில ஊன்றித் தள்ளுற உன் கையுறை ஆணியைத் தீட்டிட்டியா? ஹெல்மெட் கண்ணாடி துடைச்சியா? எனக்காக உன் நேரத்தையும் கெடுத்துக்காத," என்றாள் தக்னியா.

விஸ்மா நகரவில்லை. துணியை மறுபடி நனைத்தாள்.

இமண்ட்ஸ் அடுத்த தாளுக்கு மாறினார். இன்னும் நான்கு ரகத் தாள், அதன் பிறகு மெருகுப் பசை. வலப்பக்கத்தையும் அதே அளவு தேய்த்தாக வேண்டும். நேரம் போதாது என்பது மூவருக்கும் தெரியும்.

"கோச்கிட்ட சொல்லிட்டேன். நாளையிலேருந்து லாரிக்கு வேற ஆளு," என்றாள் தக்னியா.

அவர் தலையாட்டினார். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து மேசையில் வைத்தார். கறுத்த விரல்களைத் துடைத்துக்கொண்டு, தன் ரொட்டியில் பாதியை விஸ்மாவிடம் நீட்டினார். "காலையிலேருந்து நிக்கிறியேம்மா. சாப்பிடு."

அவள் வாங்கவில்லை.

"சாவிய எடுத்து உள்ள வைங்கண்ணே. லாரியில ஒண்ணும் ஆகல. நான்தான் இறக்கினேன். வாசல் மணல்ல வச்சேன்."

இமண்ட்ஸ் நீட்டிய ரொட்டி அப்படியே நின்றது. தக்னியா அவளையே பார்த்தாள். தக்னியாவின் முகத்தில் கோபம்கூட இல்லை.

"உறை கழண்டிருந்ததைக் கவனிக்கலையாடி?"

ஆமாம், கவனிக்கவில்லை என்றால் போதும். இமண்ட்ஸும் அதற்குத்தான் காத்திருப்பதுபோல இருந்தது.

"இல்ல," என்றாள் விஸ்மா. "உறைய நான்தான் கழட்டினேன்."