பதினோராம் பாடம்

பாம்! பாம்! மோட்டார் ஹாரன் அலறியதும் சேரித் தெருவில் கோழிகள் சிதறி ஓடின. பெட்டிக்குள் கிடந்த அப்பாவின் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்த அருளம்மாளின் கை அப்படியே நின்றது.

"மிஷன் காருதான்," என்றான் பெட்டி செய்த மண்ணாங்கட்டி. அவன் வாயில் இரண்டு ஆணிகள் இருந்தன. "இருவத்தி மூணு வருசம் வாத்தியாரு வெயில்ல நடந்தே போனாரு. செத்தாதான் வாசலுக்கு வண்டி வரும்போல."

"ஆணிய முழுங்கிடப் போற. பேசாத வேலயப் பாரு," என்றாள் அம்மணி. கணவன் செத்த அதிகாலையிலிருந்து அவள் பேசிய இரண்டாவது வாக்கியம் அது. முதலாவது, விழுப்புரத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் மகள் அருளம்மாளுக்குத் தந்தி அடிக்கச் சொன்னது.

காரிலிருந்து தலைமை ஆசிரியர் அப்பாதுரை இறங்கினார். ஒரு கையில் மலர் வளையம். மறு கையில் மடித்த காகிதம். அது என்ன என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். திண்டிவனம் வேக்ஃபீல்டு மிஷன் கோயிலில் ஜீவிய சரித்திரம் வாசிக்காமல் எந்தப் பெட்டியும் கல்லறைக்குப் போகாது. பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம், ஊழியம் எல்லாம் சபை நடுவே வாசிக்கப்படும். வாசித்த காகிதம் கோயில் பீரோவுக்குப் போய்விடும். பிறகு அதுதான் அந்த மனிதன்.

"வீட்டுக்காரங்க ஒரு தடவ பாத்துட்டா நல்லது," என்று அப்பாதுரை காகிதத்தை நீட்டினார்.

அருளம்மாள் வாங்கிப் படித்தாள். பாதியில் அவள் முகம் சிவந்தது.

'1940இல் திரு. தேவசகாயம் எழுதிய அமெரிக்கக் குடியரசின் வரலாறு நம் பள்ளிக்கு ஒரு மகுடம். அந்தத் தேசத்தின் சமத்துவ நெறியை அவர் மனமுவந்து போற்றினார்.'

"மனமுவந்தா?" என்றாள். "பதினோராம் பாடம் எங்க சார்?"

"இன்னிக்கி அதுவாம்மா பேச்சு?"

"வேற என்னிக்கி பேசறது? நாளைக்கி எங்க நைனா வருவாரா?"

பதினாறு வயதில் அந்தப் புத்தகத்தை முழுதாகப் பிரதி எடுத்தவள் அவள். அப்பா கிறுக்கிக் கிறுக்கி எழுதியதை விளக்கடியில் உட்கார்ந்து அழகாக எழுதிக் கொடுத்தாள். பத்துப் பாடங்களில் ராஜாவின் வரி, யுத்தம், விடுதலை, எல்லோரும் சமம் என்ற பிரகடனம். பதினோராவதில் மற்றதெல்லாம். சமம் என்று எழுதிய கையிலேயே சிலர் அடிமைகளை வைத்திருந்தது. புதிய தேசம் மேற்கே மேற்கே விரிந்தது. இந்த ஆற்றுக்கு அப்பால் உங்களுடையது என்று பழங்குடிகளுக்கு உடன்படிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு, ஆற்றைத் தாண்டியது. செரோக்கி என்ற ஜனம் தங்கள் மொழிக்கு எழுத்து உண்டாக்கி, பத்திரிகை நடத்தி, கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தும்கூட, சிப்பாய்கள் துப்பாக்கி முனையில் அவர்களைக் கிளப்பினார்கள். பனிக்காலத்தில் நடந்தார்கள். ஆயிரக்கணக்கில் வழியிலேயே செத்தார்கள்.

'விடுதலை அடைந்தவன் அடுத்து என்ன செய்தான் என்று கேட்காமல் எந்தத் தேசத்தின் கதையும் முடியாது.' அப்பாவின் கடைசி வரி. அந்த வரியை எழுதியபோது அவள் பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் சிரித்தார்.

சென்னையிலிருந்து அச்சாகி வந்த புத்தகத்தில் பத்துப் பாடங்கள்தான் இருந்தன. அப்பா கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பரணில் போட்டார். அடுத்த ஜூன் மாதம் சரித்திரம் வேண்டாம், கணக்குப் போதும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். "யாரு நைனா எடுத்தது?" என்று மிஷனின் டீச்சர் டிரெயினிங் ஸ்கூல் லீவில் வந்தபோது கேட்டாள். "போயி உன் பாடத்தப் படி," என்றார். அன்றிலிருந்து அப்பாதுரையைப் பார்த்தால் அவள் வணக்கம் சொல்வதில்லை.

"மிஷன் துரைமாருக்குப் பயந்துகினு நீங்கதான எடுத்தீங்க?" அவள் குரல் தெருவுக்குக் கேட்டது. "வெள்ளக்காரன் போயி மூணு வாரம் ஆச்சு சார். ஸ்கூல் வாசல்ல காயிதக் கொடி தொங்கிக்கினுதான் இருக்குது. இன்னும் இன்னா பயம்?"

அப்பாதுரை அம்மணியைப் பார்த்தார். அம்மணி முந்தானையால் கணவனின் நெற்றியைத் துடைத்தாள். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

"அருளு, வுடுடி. பொழுது ஆவுது," என்றாள்.

"நீ சும்மா இரும்மா! வாழ்நாள் பூரா சும்மாவே இருந்துட்ட!"

மண்ணாங்கட்டி ஆணிகளை வாயிலிருந்து எடுத்துக்கொண்டான்.

கோயிலில் கூட்டம் நெருக்கியது. பழைய மாணவர்கள் விக்கிரவாண்டியிலிருந்துகூட வந்திருந்தார்கள். பாட்டு முடிந்ததும் அப்பாதுரை காகிதத்தைப் பிரித்து வாசித்தார். 'மகுடம்' என்ற சொல் வந்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து அருளம்மாள் எழுந்தாள். விறுவிறுவென்று முன்னால் போனாள். பெண்கள் அங்கே போகும் வழக்கம் இல்லை. போதகர் வாயைத் திறப்பதற்குள் காகிதம் அவள் கையில் இருந்தது.

"ஒரு வரி குறையுது. அத எழுதிட்டுத் தர்றேன்."

"அம்மா, இது தேவனுடைய சந்நிதி," என்றார் போதகர்.

"அப்ப பொய் படிக்கலாமா போதகர் ஐயரே?"

பின்வரிசையில் யாரோ "அதானே!" என்றார்கள். போதகர் உட்கார்ந்துவிட்டார். அப்பாதுரை தன் பேனாவின் மூடியைக் கழற்றி அவளிடமே நீட்டினார். அது அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. காகிதத்தை அப்பாவின் பெட்டி விளிம்பில் வைத்து, சபை முழுவதும் கேட்க உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினாள்.

"அந்தப் புத்தகத்தின்... பதினோராம் பாடத்தை... மிஷன்... வெட்டி எறிந்தது..."

பெஞ்சு கிறீச்சிட்டது. அம்மணி எழுந்து நின்றாள். செருப்பில்லாத காலோடு நடுவழியில் வந்து பெட்டியின் மறுபக்கம் நின்றாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"எழுதறதுன்னா முழுசா எழுதுடி," என்றாள். "அந்தப் பாடத்த எடுத்தாதான் உனக்கு டிரெயினிங் ஸ்கூல்ல எடம்னாங்க, உங்க நைனாவே பென்சில எடுத்து, பக்கம் பக்கமா அவுரு கையாலயே அடிச்சாரு."