பதினோராவது பெயர்

கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தெற்குப் பாலையில் பருத்தி விளைவிக்கப் பத்துக் குடும்பங்களைத் தேர்ந்து அனுப்பும்படி சால்ட் லேக் நகரத்திலிருந்த மார்மன் சபைத் தலைமை, அந்த ஊர்ச் சபையை நடத்திய பிஷப் செரா ஹாலிஸ்டருக்கு எழுதியிருந்தது. அவர் இரண்டு நாள் வீடு வீடாக யோசித்துப் பத்துப் பெயர்களை எழுதினார். கொல்லன், தச்சன், மருத்துவச்சி எல்லாம் பொருந்தி வந்தது. வெள்ளிக்கிழமை காலை, பதினோராவதாகத் தன் பெயரையும் சேர்த்தார்.

கால் அரித்தது, வேறொன்றுமில்லை. மார்மன்களை மிசிசிப்பிக் கரையிலிருந்து துரத்திய பிறகு, பதினைந்து வருஷத்தில் நான்கு ஊர்களை எழுப்பியவர் அவர். வாய்க்கால் வெட்டும்வரை உற்சாகம். தண்ணீர் பாய்ந்துவிட்டால் மனிதருக்கு இருப்புக் கொள்ளாது.

மனைவி கெசையாவிடம் சொல்லவில்லை. அவள் ஊருக்கு ஊர் பீச் பழக்கொட்டை நட்டாள். மரம் காய்க்குமுன் வண்டி கட்டியாயிற்று. மூன்று ஊர்ப் பழத்தையும் யாரோ தின்றார்கள். இங்கே நட்ட மரம் இந்த வசந்தத்தில்தான் பூத்திருந்தது.

சனிக்கிழமை அவள் கேட்டாள். "காலையிலேருந்து ஒரு இடத்துல நிக்கலையே, என்ன சேதி?"

"மதகுப் பலகை பெயர்ந்திருக்கு. அதான்."

"மதகுக்கு எதுக்கு வண்டி அச்சுல மசகு போடுறீங்க?"

அவர் மசகுச் சட்டியோடு அடுத்த சக்கரத்துக்கு நகர்ந்தார்.

ஞாயிறன்று சபையில் பெயர்களைப் படித்தார். முன்கூட்டி யாருக்கும் சொல்வதில்லை. பெஞ்சில் உட்கார்ந்தபடியேதான் அழைப்பைக் கேட்க வேண்டும்.

"போன வாரம்தான் புகைபோக்கி கட்டினேன்" என்று முனகினான் கொல்லன் அப்னர்.

"நீ கிளம்புப்பா. புகைய நாங்க விட்டுக்கறோம்" என்றது பின்வரிசை.

சிரிப்புச் சத்தத்தோடு சத்தமாகப் பதினோராவது பெயரைப் படித்து முடித்தார்.

"ஆதரிக்கிறவங்க வலது கையத் தூக்குங்க."

கைகள் எழுந்தன.

"எதிர்ப்பு இருக்கா?"

வழக்கத்துக்காகக் கேட்பது. அந்தப் பள்ளத்தாக்கில் இதற்கு யாரும் கை தூக்கியதில்லை. அவர் தாளை மடிக்கத் தொடங்கிவிட்டார். மூன்றாம் வரிசையில் ஒரு கை நின்றது. கெசையா.

கை எழுந்தால் காரணம் கேட்டாக வேண்டும். சபை முறை அது.

"சொல்லுங்க, சகோதரி."

"கடைசிப் பேரு தலைமை சொன்னதா, பிஷப்? ஆண்டவர் கூப்பிட்டாரா, உங்க கால் கூப்பிட்டுச்சா? ஆண்டவர்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே மாட்டப் பூட்டுறேன்."

ஆமாம் என்றால் போதும். கடிதத்தை யாரும் கேட்கப்போவதில்லை. அது அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. வெளியே எடுத்தார்.

"பத்துக் குடும்பம்னுதான் எழுதியிருக்கு. பதினொண்ணாவது நானா எழுதினது."

"அப்ப என் பேரையும் ஒரு தடவை நல்லாப் பாருங்க!" என்றான் அப்னர்.

கெசையா கையை இறக்கினாள். பிஷப் தன் பெயரை அடித்தார்.

வியாழக்கிழமை பத்து வண்டிகள் கிளம்பின. கயிற்றை இறுக்குகிறேன், நுகத்தைப் பார்க்கிறேன் என்று ஆற்றுத்துறைவரை கூடவே நடந்தார்.

"திரும்புங்க, பிஷப்" என்றான் அப்னர். "கெசையாக்கா என்னைத்தான் பிடிச்சுக்குவாங்க."

ஆகஸ்டில் முதல் பழம் பழுத்தது. கெசையா இரண்டாகப் பிளந்து பாதியைக் கொடுத்தாள். அவர் வேலிப்படலருகே நின்று தெற்கே பார்த்தபடி கடித்தார்.

"உக்காந்து சாப்பிடுங்க."

உட்கார்ந்தார். பழம் தேனாக இனித்தது. குதிகால் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. கெசையா அதைப் பார்த்தாள்; தன் பாதியை மெதுவாகத் தின்றாள்.