அறை காலி இல்லை

ஜெப்சன் தோளைக் கொடுத்து ஓங்கித் தள்ளியதும் கதவு மேலே இருந்த இரும்புத் தண்டவாளத்தின் கடைசி வரைக்கும் ஓடியது. அங்கே நிற்க வேண்டும். நிற்பதற்கு ஒரு கட்டை உண்டு. அந்தக் கட்டை ஏழு மாதமாக அவன் மேசை டிராயரில், பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கப்படாமல், 'அப்புறம் மாட்டிக்கலாம்' என்ற அவனுடைய வாக்குறுதியோடு பத்திரமாக இருந்தது. அறுபது கிலோ சில்வர் ஓக் பலகை தண்டவாளத்தை விட்டு இறங்கி, யோசிப்பதுபோல் ஒரு கணம் சாய்ந்து நின்று, சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்திருந்த ஃப்ரீஸர் பெட்டியின்மேல் விழுந்தது.

பெட்டி காலியாக இருந்தது. அதில் படுக்க வேண்டிய ஜேசுதாஸ், ஜெப்சனின் அப்பா, பின்பக்கத்து ஸ்டோர் ரூமில் மிளகு மூட்டைகளுக்கு நடுவே இன்னும் காத்துக்கொண்டிருந்தார். ஸ்டோர் ரூம் வாசல் குறுகல். பெட்டி உள்ளே போகாது. முன் கூடத்தில் பாதியை ஜெப்சன் கட்டிய ரிசப்ஷன் மேடை பிடித்துக்கொண்டது. மிச்சம் இருந்தது பெரிய அறைதான். அதன் கதவுதான் விழுந்தது.

"கண்ணாடி மூடி போயிருச்சுங்ணா," என்றான் பெட்டியோடு வந்த சதீஷ். அவன் குரலில் கோபம்கூட இல்லை, வியப்புதான் இருந்தது. "எத்தனையோ சாவுக்குப் போயிருக்கேன். பொட்டிக்கே சாவு வந்தது இங்கதானுங்க."

"வேற பொட்டி?"

"கீழ இருந்துதான் வரோணும். பனி எறங்கிருச்சு. ரெண்டர மணி நேரம் ஆவும்."

சேதி கேட்டதும் குப்பனூரிலிருந்து கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்திருந்த அக்கா ஆன்மேரி, அழுது வீங்கிய கண்ணோடு கதவையும் பெட்டியையும் தம்பியையும் அந்த வரிசையிலேயே பார்த்தாள். "அப்பனுக்கு வந்த பொட்டியக்கூட உருப்படியா உள்ள கொண்டாரத் தெரீல பாரு உனக்கு." பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "பொட்டி வர்ற வரைக்கும் பெரிய ரூம் கட்டில்லயே படுக்க வைங்க. சின்னவன் மெல்வினு கத்தார்ல இருந்து நாளைக்கு வந்துதான் எடுக்கப் போறோம். அதுவரைக்கும் அந்த மூட்டைக்கு நடுவுலயா கெடப்பாரு?" என்றாள்.

ஜெப்சனின் மனைவி ஷெர்லின் அவன் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கட்டில், வாடகைக்குத் தங்கிவிட்டுக் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பிப் போன பெங்களூர்த் தம்பதி படுத்திருந்த கட்டில்.

அதைத்தான் ஜெப்சன் காலையிலிருந்து நினைக்காமல் இருக்கப் பார்த்தான். அப்பா போனது ஏழு மணிக்கு. வீட்டு வேலைக்கு வரும் காமாட்சி காபி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, டம்ளர் எடுக்கத் திரும்பி வந்தபோது முடிந்திருந்தது. ஜெப்சன் ஓடிப் போய்ப் பார்த்தான், கையைப் பிடித்துப் பார்த்தான், மூக்கில் விரல் வைத்துப் பார்த்தான். பிறகு சமையலறைக்குப் போய் இரண்டு ஆம்லெட் போட்டான். விருந்தாளிகள் எட்டு மணிக்குக் காலைச் சாப்பாடு கேட்டிருந்தார்கள். ரொட்டியைக் கருகாமல் வாட்டி, மலைத் தேனைக் கிண்ணத்தில் ஊற்றி, சிரித்த முகத்தோடு கொண்டுபோய் வைத்தான். அழுவதை இரண்டு மணி நேரம் தள்ளி வைத்த முதல் மகன் தானாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. கிளம்பும்போது அந்தப் பெண், இவ்வளவு அமைதியான வீட்டை நாங்கள் பார்த்ததே இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஜெப்சன் நன்றி சொன்னான்.

நாலு பேர் போர்வையோடு தூக்கி வந்து ஜேசுதாஸைக் கட்டிலில் கிடத்தினார்கள். கட்டில் அவருடையதல்ல. அறை மட்டும் அவருடையது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வேலை பார்த்த காலத்தில் கட்டிய வீடு. நாற்பது வருடம் அவர் படுத்து எழுந்த அறை.

போன மார்ச்சில் ஜெப்சன் அதற்கு மாடர்ன் ஃபார்ம்ஹவுஸ் அலங்காரம் செய்தான். போனில் பார்த்துக் கற்றுக்கொண்டது. அமெரிக்காவில் பண்ணையே பார்க்காதவர்கள் பண்ணைக்காரன்போல் தூங்கி எழுவதற்கு வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது என்று அவனுக்கும் தெரியும். வெள்ளைப் பலகைச் சுவர், கறுப்பு இரும்பு விளக்கு, தண்டவாளக் கதவு. மற்ற சாமான்களை வாங்கவே வேண்டியிருக்கவில்லை, எல்லாம் வீட்டில் இருந்தன. அப்பா மிளகு பறிக்கும் ஏணி, போர்வை தொங்கவிடச் சுவரில் சாய்ந்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய தகர வாளியில் காய்ந்த பூக்கள் நின்றன. காப்பிப் பழக் கூடை தலைகீழாகத் தொங்கி விளக்குக்கு மூடியானது. அறையில் எதற்கும் பொருந்தாமல் இருந்தது ஒரே ஒரு சாமான்தான். பச்சை இரும்பு பீரோவும், இழுப்புக்கு மருந்து உறிஞ்சும் குழலும், சீரோ வாட் சிவப்பு பல்பு எரியும் திருஇருதய ஆண்டவர் படமுமாக இருந்த நிஜப் பண்ணைக்காரர்.

"ஏஞ்சாமி," என்று அன்றைக்கு ஜேசுதாஸ் வாசலில் நின்று கேட்டார். "பண்ண ஊட்டுக்குள்ளயே பண்ண ஊடு மாதிரி பண்றயா?" சொல்லிவிட்டு, இழுப்பு வரும்வரை சிரித்தார்.

"சீசன் முடியட்டுமுங்ப்பா. ஸ்டோர் ரூமுல ரெண்டு மாசந்தான். அப்பறம் நீங்க இங்கயே வந்துக்கலாம்."

"ஆகட்டும் கண்ணு."

சீசன் மே மாதத்தோடு முடிந்தது. ஆனால் மழையில் மலை அழகாக இருக்கிறது என்று ஒரு கூட்டம் வந்தது, அப்புறம் ஓணத்துக்கு ஒரு கூட்டம், பூஜா விடுமுறைக்கு ஒன்று. அப்பா கேட்கவே இல்லை. ஜெப்சன் அதைப் பிடித்துக்கொண்டுதான் ஏழு மாதத்தையும் ஓட்டினான். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே, கேட்கவில்லையே.

மூடுபனிக்குள்ளிருந்து வண்டிகள் வந்துகொண்டிருந்தன. வெள்ளக்கடையிலிருந்தும் வாழவந்தியிலிருந்தும் வந்தவர்கள் மாலையைச் சாத்தி, நெற்றியில் சிலுவை போட்டு, ஓரமாக நகர்ந்த பிறகு, மரியாதைக்காக ஒரு நிமிடம் பொறுத்துச் சுவரைத் தொட்டுப் பார்த்தார்கள்.

"சினிமாவுல வர்ற ஊடாட்டம் இருக்குதுங்க," என்றாள் ஒருத்தி. "பெரியவருக்கு நல்லாத்தான் செஞ்சு குடுத்திருக்கறீங்க. குடுத்து வெச்சவரு."

ஜெப்சன் தலையை ஆட்டினான். ஆட்டிய தலையை நிறுத்த அவனுக்குத் தெரியவில்லை.

பக்கத்துத் தோட்டத்து வேடியப்பன் கையைக் கட்டிக்கொண்டு ஏணியையே பார்த்தார். "இதா இருக்குது! போன மாசம் ஏணி கேட்டு வந்தேன் தம்பி, உங்கப்பன் இல்லீன்ட்டாரு. இந்த மனுசனுக்கு இல்லீன்னு சொல்லத் தெரியாதே, என்னாச்சுன்னு நெனச்சேன். இங்கல்ல போர்வ காயுது."

"எடுத்துட்டுப் போங்க மாமா."

"இன்னைக்கு வேண்டாமப்பா. இருக்கட்டும்."

அப்பாவின் தலைமாட்டில் போன் அதிர்ந்தது. ஜெப்சன் அவசரமாக எடுத்தான். சனிக்கிழமைக்கு யாரோ அறை கேட்டிருந்தார்கள். இல்லை என்று போட்டதும், அறை பதிவு செய்யும் செயலி காரணம் கேட்டது. மராமத்து, பூச்சி மருந்து அடிப்பு, வேறு வழியில் பதிவாகிவிட்டது, சொந்த உபயோகம். நாலுதான் இருந்தது. கட்டிலைப் பார்த்தான். 'சொந்த உபயோகம்' என்பதை அழுத்தினான். எத்தனை நாளுக்கு என்று அடுத்த கேள்வி வந்தது. போனை அணைத்துப் பைக்குள் போட்டான்.

கூட்டம் கொஞ்சம் வடிந்ததும் ஷெர்லினைச் சமையலறை ஓரத்துக்குக் கூப்பிட்டான்.

"அப்பா உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாரா?"

"என்னங்க?"

"ரூமப் பத்தி. திரும்பி வரோணும்னு."

ஷெர்லின் டம்ளர்களை அடுக்கிக்கொண்டே, "இப்ப எதுக்குங்க அதெல்லாம்? டாக்டரே வயசுன்னுட்டாரு. கடுங்காபி பத்தல, சக்கர எங்க இருக்குதுன்னு பாருங்க," என்றாள்.

சர்க்கரையை எடுத்துக் கொடுத்துவிட்டு அக்காவிடம் போனான். ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்பாவுக்குப் போன் செய்பவள் அவள். அவளிடமும் அதையே கேட்டான். அவள் திட்டியிருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அவரு யாரையாச்சும் கொற சொல்ற ஆளாடா?"

"அதக் கேக்கலக்கா. வரோணும்னு சொன்னாரா, இல்லயா?"

"போடா. போயி மாலையெல்லாம் ஓரமா எடுத்து வையி, நடக்கறதுக்கு எடமில்ல."

அவன் மாலைகளை எடுத்து வைத்தான். திட்டும் இல்லை, மன்னிப்பும் இல்லை. வேலை மட்டும் ஆளுக்கொன்று கொடுத்தார்கள்.

ஒரு மணிக்கு இரண்டாவது பெட்டி வந்தது. கதவு முற்றத்தில் வேலியோரம் கிடந்ததால் இந்தத் தடவை தடுக்க எதுவும் இல்லை. சதீஷ் வாசலில் நின்று, "நீங்க மட்டும் கொஞ்சம் தள்ளி நில்லுங்ணா," என்று அவனிடம் பணிவாகக் கேட்டுக்கொண்டான். அழுதுகொண்டிருந்த இரண்டு பேர் சிரிப்பை அடக்கினார்கள். ஜெப்சன் தள்ளி நின்றான். அப்பாவை மற்றவர்கள் தூக்கிப் பெட்டிக்குள் வைத்தார்கள்.

மாதா சபைப் பெண்கள் ஜெபமாலை சொல்ல வந்து தரையில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் ஆரம்பிக்கவில்லை. நாலு சுவரையும் பார்த்தார்கள். வெள்ளைப் பலகை, இரும்பு விளக்கு, ஏணி. எந்தப் பக்கம் திரும்பிக் கும்பிடுவது என்று அவர்களுக்குப் புரியவில்லை.

"ஏனுங்க, இங்க இருதய ஆண்டவர் படம் ஒண்ணு இருந்துச்சே?" என்றாள் சபைத் தலைவி சரஸ்வதி மேரி.

"இருக்குதுங்க," என்றான் ஜெப்சன். "கொண்டாரேன்."

ஸ்டோர் ரூமில் காமாட்சி ஒருத்திதான் இருந்தாள். வாழவந்தியிலிருந்து தினமும் வந்து அறைகளைச் சுத்தம் செய்துவிட்டுப் போகிறவள். கட்டில்மேல் கிடந்த அப்பாவின் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். மூட்டைகளின் காரமும் சுவரின் ஓத வாடையும் மூக்கில் ஏறின. காலையில் இங்கே ஓடி வந்தபோது அப்பாவின் முகத்தைத் தவிர அவன் எதையும் பார்க்கவில்லை. அதற்கு முந்திய மாதங்களில் வாசலில் நின்று "சாப்டீங்களாப்பா" என்று கேட்டுவிட்டுப் போவதோடு சரி.

படம் கட்டிலுக்கு நேர் எதிரே, ஜன்னல் மேடையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதை எடுக்கப் போனவன் ஒயர் எங்கே போகிறது என்று திரும்பியபோதுதான் கட்டிலுக்குப் பின்னால் இருந்த சுவர் கண்ணில் பட்டது.

பாதிச் சுவர் வெள்ளையாக இருந்தது. தரையிலிருந்து ஒரு ஆள் உட்கார்ந்தபடி கை நீட்டினால் எட்டும் உயரம் வரைக்கும் ஒழுங்காகப் பூசியிருந்தது. அதற்கு மேல் பழைய நீலமும் ஓதம் பாய்ந்த கறையும். கட்டிலுக்கடியில் அவன் பெரிய அறைக்கு வாங்கி மிச்சமான பெயின்ட் டின்; அதன்மேல் பிரஷ், மயிர் விறைக்காமல் கழுவித் துணி சுற்றி வைத்திருந்தது.

"இது யாரு அடிச்சா?"

"ஐயாதானுங்க."

"இந்த இழுப்போடயா? எதுக்கு?"

காமாட்சி பாயை மூலையில் சாத்தினாள். "அதெல்லாம் இப்ப எதுக்குங்ணா."

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க," என்றான் ஜெப்சன். குரல் உடைந்தது அவனுக்கே கேட்டது. "எனக்குப் புடிச்சிருந்துச்சுன்னு அடிச்சாரா? அங்க மாதிரியே இங்கயும் இருக்கட்டும்னு? சொல்லு காமாட்சி. நீ ஒருத்தியாச்சும் நேரா சொல்லு. அந்த ரூமுக்குத் திரும்பி வரோணும்னு அவருக்கு இருந்துச்சா, இல்லயா?"

பெரிய அறையில் பெண்கள் படத்துக்காகக் காத்திருந்தார்கள். யாரோ இருமினார்கள். காமாட்சி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இருந்துச்சுங்ணா. நொம்ப இருந்துச்சு. ஓணத்துக்கு ஆளு வந்து போன மறுநாளு ஆரம்பிச்சாரு. நாலு கையி பூசுவாரு, மூச்சு வாங்கும், உக்காந்துக்குவாரு. நாந்தான் டின்னு புடிப்பேன். இந்த ரூமும் அதே மாதிரி வெள்ளையா ஆயிருச்சுன்னா எம்மவன் வர்ற ஆளுங்கள இங்க படுக்க வெச்சுக்குவான், யாவாரமும் கெடாது, நான் என்ற ரூமுக்குப் போயிக்குவேன்னாரு. முழுசா முடிச்சுட்டுத்தான் உங்களுக்குக் காட்டோணும்னாருங்க."

அவள் படத்தின் பிளக்கைப் பிடுங்கினாள். பல்பு அணைந்தது. தரையில் இழுபட்ட ஒயரைப் பொறுமையாகச் சுருட்டி அவன் கையில் கொடுத்தாள்.